எதிர்த்து ஒருவரும் இல்லை

திரையில் இரண்டு எண்கள் வந்தன. மூடு: ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று. திற: பூஜ்யம்.

அங்கயற்கண்ணி டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பூஜ்யம் அப்படியேதான் இருந்தது. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. ‘திற’ என்ற பக்கத்தில் ஒருவர்கூட இல்லையென்றால், ‘மூடு’ என்று சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. கதவு மூடப்போகிற கடலோரக் காலனிக்குள்தான் அவள் பெற்ற ஒரே மகள் இருக்கிறாள்.

‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்று வாய்க்குள் முனகினாள். அதைச் சத்தமாகச் சொல்லப் பயமாக இருந்தது.

அது தருவைக்கரை நகராட்சிப் பள்ளியின் ஆறாம் வகுப்பு அறை. மற்ற நாட்களில் அவள் அங்கே பின்னக் கணக்கு நடத்துவாள். ஓட்டு நாட்களில் அதே நாற்காலியில் தலைமை அலுவலராக உட்காருவாள். நாடு எவ்வளவோ மாறிவிட்டது. கடல் ஊருக்குள் வந்து பாதித் தெருவைத் தின்றுவிட்டது. மீதி ஊரைச் சுற்றிச் சுவர் எழும்பியிருக்கிறது. ஆனாலும் ஓட்டென்றால் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடமென்றால் வாத்தியார் என்கிற வழக்கத்தை மட்டும் எந்தக் கடலாலும் அசைக்க முடியவில்லை.

இது எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டு அல்ல. ஊருக்கு அவசரமான எதையும் ஊராரிடமே நேரே கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்திருந்தது. ஊர்த் தீர்ப்பு என்று அதற்குப் பெயர். தண்ணீர்த் தொட்டி எங்கே, சாராயக் கடை வேண்டுமா வேண்டாமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இந்த முறை உப்புமேடு காலனியின் கதவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள்.

உப்புமேடு ஊரின் கடல்பக்க ஓரம். மூன்று பக்கமும் தண்ணீர், நான்காவது பக்கம் சுவர், சுவரில் ஒரே ஓர் இரும்புக் கதவு. அங்கே விறைப்புக் காய்ச்சல் வந்திருந்தது. முதலில் கழுத்து வலிக்கும், பிறகு விறைக்கும், பிறகு மூச்சு நிற்கும். இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒன்பது பேர் படுத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் என்று அங்கே இருந்தவள் ஒருத்திதான், அங்கயற்கண்ணியின் மகள் குயிலி. அவள் புருஷன் கப்பலில் இருந்தான். தவழ்கிற பருவத்து ஆண் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, ரெண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்று போனவள், இன்னும் வரவில்லை.

கைபேசி அடித்தது. மண்டல அலுவலர் திருமலைசாமி.

“வாழ்த்துகள் டீச்சர்! முழு ஒப்புதல்! மாநிலத்துலயே இதுதான் முதல் தடவை. எதிர்ப்பே இல்லாம ஒரு ஊர் முடிவெடுத்திருக்கு பாருங்க, இதல்லவா ஜனநாயகம்! அமைச்சர் வரைக்கும் சொல்லியாச்சு. நீங்க கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்க.”

“சார், முழு ஒப்புதல்னா மறுகேள்வி கிடையாதுல்லா?”

“கிடையாது. எதிர்ப்பு நூத்துக்குப் பத்தாவது இருந்தாத்தான் ஏழு நாளுக்கு ஒருதரம் திரும்பக் கேக்கணும், எதிர்த்தவங்க சார்பா ஒரு டாக்டரை உள்ள விடணும், அந்தத் தொல்லையெல்லாம். இங்கதான் எதிர்ப்பே இல்லையே. காய்ச்சல் தானா அணையிற வரைக்கும் கதவு மூடியிருக்கும். அரிசி பருப்பு தானியங்கி வண்டியில போயிடும். பொழுது சாயுறதுக்குள்ள கையெழுத்து வந்துடணும், சரிங்களா?”

தானாக அணைவதென்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. பிடிக்க ஆளில்லாமல் போனால் எந்தக் காய்ச்சலும் அணையும். கைபேசியை மேசை இழுப்பறைக்குள், சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் போட்டு மூடினாள்.

அறையில் அவளைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். பெட்டியோடு வந்த டெக்னீஷியன் ஜோதிராமன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சில் பூத் ஏஜெண்டுகள் இருவர். ஏணிக் கட்சி பீர்முகமது, குடைக் கட்சி சுடலைமணி. இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. எத்தனையோ தேர்தல்களாக அதே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை பிடித்து, ஒரே டீயை இரண்டாகப் பகிர்ந்து குடித்தவர்கள். எப்போதும் குடை ஜெயிக்கும், ஏணி தோற்கும். முடிவு வந்ததும் ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணாமல் எழுந்ததே கிடையாது. இன்றைக்கு இருவரும் வாயைத் திறக்கவில்லை. சுடலைமணி சுவரில் தொங்கிய இந்திய வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பீர்முகமது தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கையைத்தான் பெட்டிமேல் வைக்க வேண்டும். அகவாக்குப் பெட்டி என்று அரசாங்கம் அழகாகப் பெயர் வைத்திருந்தது. சனங்களுக்கு அது கைப்பெட்டி. உள்ளங்கையை வைத்தால் காதில் ஒரு குரல் கேள்வியைச் சொல்லும். பிறகு இரண்டு பதில்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லும். பொத்தான் கிடையாது, மை கிடையாது. மனசில் இருப்பதை உடம்பு சொல்லிவிடும், பெட்டி எடுத்துக்கொள்ளும். அது வந்தபோது ஊரே கொண்டாடியது. கொண்டாடியதில் தப்பும் இல்லை. அதற்கு முன்னால் ஓட்டு நடந்த லட்சணம் ஊரறிந்தது. மூக்குத்திக்கு ஓட்டு, குக்கருக்கு ஓட்டு, நம்ம சாதி என்று ஓட்டு, முதலாளி முறைத்தான் என்று ஓட்டு. கைப்பெட்டி வந்தபின் காசு கொடுத்தவனெல்லாம் நாமம் போட்டுக்கொண்டு நின்றான். வாங்கினவன் எதை வாங்கினால் என்ன, உள்ளங்கை உண்மையைச் சொல்லிவிட்டது. மனுஷன் பொய் சொல்ல முடியாத ஓட்டு என்று பேப்பரில் எல்லாம் எழுதினார்கள்.

அங்கயற்கண்ணி அதை நம்பினவள். அதனால்தான் இப்போது அவளுக்கு இவ்வளவு பயம். பெட்டி பொய் சொல்லாது என்றால், பொய் சொல்லியிருப்பது அவள்தான். வீட்டில் கிடக்கிற பேரனுக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயத்தில், தனக்கே தெரியாமல் மகளைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டாளா?

அவள் எழுந்து பெஞ்சருகே போனாள். “பீர் அண்ணாச்சி, பெட்டிமேல கைய வச்சப்போ நீங்க என்ன நெனச்சிய?”

“அதக் கேக்கலாமா டீச்சர்? ரகசியம்லா.”

“ரகசியம் எங்க இருக்கு அண்ணாச்சி? பூஜ்யம்னு போட்டிருக்கே. நீங்க எந்தப் பக்கம், நான் எந்தப் பக்கம்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சே.”

பீர்முகமது உள்ளங்கையை மடக்கிக்கொண்டார். “எம் மச்சினன் குடும்பம் உள்ள இருக்கு டீச்சர். திறக்கணும்னுதான் நெனச்சேன், அல்லா சாட்சி. இந்த நம்பரப் பாத்த பொறவு எனக்கே சந்தேகமாப் போச்சு. உள்ளுக்குள்ள நான் ஒரு பயந்தாங்கொள்ளிப் பயதானோ, பெட்டி அதக் கண்டுபிடிச்சிட்டோன்னு. வெளிய போயி எம் பொண்டாட்டி மூஞ்சில எப்படி முழிக்க?”

“நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றான் சுடலைமணி, வரைபடத்தைப் பார்த்தபடியே. “திறன்னு சொல்லணும்னுதான் வந்தேன் வே. பொறவு எப்படி இப்படி ஆச்சுன்னு புரியல.”

அங்கயற்கண்ணிக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. டெக்னீஷியன் பக்கம் திரும்பினாள். “சார், காலனிக்குள்ள காவலர்கிட்ட ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினமே. அதுல எத்தன ஓட்டு?”

“நூத்தி எண்பத்தி ரெண்டு மேடம்.”

“அதுல மூடு எத்தன?”

ஜோதிராமன் ஒயரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. “எல்லாமே.”

சுடலைமணி துள்ளி எழுந்தான். “ஓய்! உள்ள கெடக்கவனே தன்னய வச்சுப் பூட்டுன்னு சொல்லுவானா? கேக்கவன் கேனயனா?”

ஜோதிராமன் தலையை நிமிர்த்தவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். சென்னைக்காரர். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அந்த ஆளும் பயந்துபோயிருக்கிறார் என்பது டீச்சருக்குத் தெரிந்தது. வகுப்பில் கண்ணாடியை உடைத்தவன் எவனென்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறவள் அவள்.

“சார், ஒங்களுக்கு என்னமோ தெரியும். சொல்லுங்க.”

“மேடம், என் வேலை போயிடும்.”

“எம் மக போயிருவா சார்.”

அவர் ஒயரைக் கீழே வைத்தார். மெதுவாகச் சொன்னார்: “இந்தப் பெட்டிக்கு மனசெல்லாம் தெரியாது மேடம். ரெண்டு பதிலைச் சொல்லும். எந்தப் பதிலுக்கு உடம்பு அதிகமா அசையுதுன்னு பாக்கும். நெஞ்சு படபடக்குதா, கை வேர்க்குதா, அவ்ளோதான். எதுக்கு அதிகமா அசையுதோ அதுதான் உங்க விருப்பம்னு எடுத்துக்கும். சாதாரண நாள்ல அது சரியா இருக்கும். காலையில சோதனைக்கு வச்ச மாதிரி ஓட்டுல மீன் குழம்பா சாம்பாரான்னு கேட்டோமே, உங்க மூணு பேருக்கும் மீனுக்குத்தானே உடம்பு அசைஞ்சது. ஆசைன்னா அப்படித்தான்.”

“பயம்னா?”

“பயம் வந்தாலும் நெஞ்சு அதே மாதிரிதான் மேடம் துடிக்கும். பெட்டிக்குத் துடிப்பு மட்டும்தான் தெரியும். மூடணும்னு ஆசைப்பட்டவனுக்கும் ‘மூடு’ங்கிற சொல்லுல நெஞ்சு துடிச்சிருக்கு. ஐயோ மூடிடுவாங்களேன்னு நடுங்கினவனுக்கும் அதே சொல்லுலதான் துடிச்சிருக்கு. கதவு இன்னும் மூடல, அதனால ‘திற’ங்கிற சொல்லுல யாருக்கும் அவ்வளவு துடிக்கல. உங்களுக்கும்.”

அங்கயற்கண்ணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மகளை நினைத்து அவள் நடுங்கிய நடுக்கத்தை எடுத்துத்தான் அந்தப் பெட்டி மகளுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

“இது முன்னாடியே தெரியுமா ஒமக்கு?” என்று சுடலைமணி கேட்டான்.

“சோதனை பண்றப்பவே தெரியும். ஊர் ரொம்பப் பயந்திருக்கிறப்ப கேள்வி கேக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தோம். பயம் இல்லாதப்ப யாரு சார் அவசரமா ஓட்டு வைப்பாங்கன்னு மேலிடத்துல சிரிச்சாங்க.”

சுடலைமணி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கள்ள ஓட்டைப் பற்றி அவன் அறியாதது எதுவும் கிடையாது. போடுவதிலும் கைதேர்ந்தவன், அடுத்த கட்சிக்காரன் போட்டால் பிடிப்பதிலும் கைதேர்ந்தவன். சட்டென்று நின்றான்.

“அப்படின்னா, எம் பேர்ல விழுந்த ஓட்டு நான் போட்டது இல்ல.”

“இல்ல” என்றார் ஜோதிராமன்.

“எம் பேர்ல வேற எதுவோ போட்டிருக்கு. அப்போ அது கள்ள ஓட்டுல்லா டீச்சர்! ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாம எல்லார் பேர்லயும் கள்ள ஓட்டு!”

கள்ள ஓட்டு என்ற சொல்லைக் கேட்டதும் டீச்சரின் தலைக்குள் பயிற்சி வகுப்பு ஒன்று வந்து நின்றது. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் ஆசிரியர்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சமோசாவும் டீயும் கொடுத்து விதிகளை வாசிப்பார்கள். பாதிப் பேர் தூங்குவார்கள். அவள் தூங்காமல் கேட்கிற ரகம். உன் பேரில் வேறு யாரோ ஓட்டுப் போட்டுவிட்டால், நீ வந்து ‘அது நானில்லை’ என்று சொன்னால், தலைமை அலுவலர் உனக்குத் தாளில் ஓர் ஓட்டுக் கொடுக்க வேண்டும். டெண்டர் ஓட்டு என்பார்கள். அப்படிக் கேட்டவர்கள் பாதிக்கு மேல் இருந்து, ஏஜெண்டுகள் எல்லோரும் சம்மதித்தால், பெட்டியை ஒதுக்கிவிட்டுத் தாளைத்தான் எண்ண வேண்டும். கைப்பெட்டி வந்தபிறகு அந்த விதியை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. எடுத்துப் போடவும் யாருக்கும் தோன்றவில்லை.

அவள் விஷயத்தைச் சொன்னாள். பீர்முகமது உடனே சரியென்றார். சுடலைமணி தலையைச் சொறிந்தான்.

“எங்க கட்சி மூடுன்னுதான் சொல்லியிருக்கு டீச்சர். நான் சம்மதிச்சேன்னா என்னைய உரிச்சிருவாவ.”

“வே சுடலை” என்றார் பீர்முகமது. “இத்தன வருசமா நான் தோத்துக்கிட்டே இருக்கேன். எதுக்கு இங்க வந்து குந்துதேன்னு நெனைக்க? தோத்தவன்னு ஒருத்தன் இருந்தாத்தான் ஜெயிச்சவன் சட்டையப் பிடிச்சுக் கேக்க முடியும். பூஜ்யம்னு வந்துட்டா நாளைக்கு ஒம்ம சட்டைய யாரு வே பிடிப்பா?”

சுடலைமணி அவரை ஒரு பார்வை பார்த்தான். “நீரு பிடிச்சுப் பிடிச்சே எஞ் சட்டை கிழிஞ்சு போச்சு” என்று முணுமுணுத்துவிட்டு, சம்மதத்துக்குக் கையெழுத்துப் போட்டான்.

கஷ்டமான பகுதி இனிமேல்தான் இருந்தது. வெளியே மைதானத்தில் ஊர் கூடியிருந்தது. பெரிய திரையில் அந்தப் பூஜ்யம் ஓடிக்கொண்டிருந்தது. கொண்டாட்டம் எதுவும் இல்லை. அதுதான் டீச்சருக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆயிரம் பேர் நிற்கிற இடத்தில் பள்ளிக்கூட மணிக் கயிறு காற்றில் சுவரில் இடிக்கிற சத்தம் கேட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர்கள் எல்லோரும் மனசாரச் சொன்னதாகவும், தான் மட்டும்தான் தனக்குத் தெரியாமல் கோழையாகிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் படியில் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் கேளுங்க. அந்த நம்பர்ல என் ஓட்டும் இருக்கு. என் மக உள்ள இருக்கா. அவளப் பூட்டுங்கன்னு நான் சொல்லல. அது என் ஓட்டு இல்ல. எம் பேர்ல கள்ள ஓட்டு விழுந்திருக்கு.”

“பெட்டி பொய் சொல்லாது டீச்சர்!” என்று ஒரு குரல் வந்தது.

“பொய் சொல்லல. என் நெஞ்சு அடிச்சதச் சொல்லிச்சு. ஏன் அடிச்சதுன்னு அதுக்குத் தெரியல.” டெக்னீஷியன் சொன்னதை அவள் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். பாதிதான் சொல்லியிருப்பாள், கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவன் கத்தினான்: “மக உள்ள இருக்கான்னு ஊரையே சாவடிக்கப் பாக்கா! எங்க வீட்லயும் புள்ளைக இருக்கு!” ஒரு செருப்பு பறந்து வந்து படியில் விழுந்தது. கூட்டம் முன்னால் நெருக்கியது. இதோ மிதித்துவிடப்போகிறார்கள் என்றே நினைத்தாள்.

சுடலைமணி அவள் முன்னால் வந்து நின்றான். அந்தச் செருப்பைக் கையில் எடுத்தான்.

“ஏல, யாரு செருப்பு இது? மூடணும்னு நெனைக்கியா? நல்லா நெனை. நானுந்தான் நெனைக்கலாம். அத நீயே வந்து ஒங் கையால குத்திட்டுப் போ. பெட்டி சொல்லிச்சு, நான் சொல்லலன்னு நாளைக்குக் காலனிக்காரன் சொந்தக்காரங்கிட்ட நழுவலாம்னு பாக்காத. எம் பேர்ல கள்ள ஓட்டு விழுந்திருக்குன்னு நானும் எழுதிக் கொடுத்துட்டேன். எந்தப் பக்கம் குத்துவேன்னு ஒங்கிட்டச் சொல்ல மாட்டேன்.”

“எம் பேர்லயும்” என்று பீர்முகமது கையைத் தூக்கினார்.

பிறகு இட்லிக் கடை பேச்சியம்மாள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு படியேறினாள். “நான் மூடச் சொல்லத்தான் வந்தேன். இப்பவும் அதத்தான் சொல்லுவேன். ஆனா எம் பேர்ல ஒரு எந்திரம் ஓட்டுப் போடுறதுக்கு அது யாரு?” அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். அப்புறம் வரிசை மைதானத்தைச் சுற்றி வளைந்தது.

தாளுக்கு எங்கே போவது? அரைப் பரீட்சைக்கு வைத்திருந்த வெள்ளைத் தாள்களைக் கிழித்தார்கள். ஜோதிராமன் கட்டம் போட்டார். ஒன்றில் மூடு, ஒன்றில் திற. பள்ளிக்கூட முத்திரை, பின்பக்கம் டீச்சரின் கையெழுத்து. விதிப்படி ஒவ்வொரு தேர்தல் சாமான் பெட்டிக்குள்ளும் யாரும் தொடாமல் கிடக்கிற ரப்பர் முத்திரைக் குச்சியை எடுத்து மையில் தோய்த்தார்கள். காலனிக்கும் ஒரு கட்டுத் தாள் போயிற்று. அங்கே ஓட்டு வாங்க ஆள் வேண்டும் என்றதும் காவலர் குயிலியிடமே கொடுத்துவிட்டார். குத்திய தாள்கள் மருந்துப் புகை போட்ட தகரப் பெட்டியில் திரும்பி வந்தன. இழுப்பறைக்குள் திருமலைசாமியின் அழைப்புகள் முனகிக்கொண்டே இருந்தன.

கடைசியில் அவள் முறை வந்தது. அட்டை மறைப்புக்குள் போய்க் குச்சியைக் கையில் எடுத்தாள். யாரும் இல்லை. காதில் குரல் இல்லை. கை மூடு என்ற கட்டத்தின் பக்கம் போனது. அவளே அதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். பேரன் ஞாபகம் வந்திருந்தது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தபோது அவன் அவள் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கதவு திறந்திருந்து அவனுக்குக் கழுத்து வலித்தால்? அங்கேயே நின்றுவிட்டாள். வெளியே யாரோ இருமினார்கள். பெட்டி சொன்னது முழுப் பொய்யுமில்லை என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பயமும் அவளுக்குள் இருக்கத்தான் செய்தது. ஆனால் பெட்டி அவளை நிற்க விடவில்லை. இந்தத் தாள் நிற்க விட்டது. நின்று, யோசித்து, நடுங்கிக்கொண்டேதான் திற என்ற கட்டத்தில் குத்தினாள்.

எண்ணி முடித்தபோது மூடு அறுநூற்று நாற்பத்து ஒன்று. திற ஐநூற்றுப் பதின்மூன்று. ஒன்பது செல்லாதவை, அதில் ஒன்றில் ஒருவர் கடவுளே என்று எழுதியிருந்தார்.

தோற்றுவிட்டார்கள். அங்கயற்கண்ணி மேசையில் தலையைக் கவிழ்த்தாள். இவ்வளவு பாடுபட்டு, பெட்டியையே ஒதுக்கி, ஊரைக் கூட்டி நியாயமாகக் கேட்டும், ஊர் மூடு என்றுதான் சொன்னது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பீர்முகமது வெளியே திண்டாடிக்கொண்டிருந்தார். நூற்றுக்குப் பத்தைத் தாண்டி ஐநூற்றுப் பதின்மூன்று பேர் எதிர்ப்பில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், யார் யார் என்று தெரியாமலே பாதிப் பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். டாக்டர் யார், மருந்து யார் வாங்குவது, அடுத்த வாரம் எந்தத் தெருவுக்குப் போய்ப் பேசுவது என்று கூச்சல். சுடலைமணி தூர நின்று, “தோத்ததுக்கு இவ்வளவு அலட்டலா வே?” என்றான். கிண்டல் திரும்பி வந்துவிட்டது.

டீச்சர் விதியைக் காட்டித் தாளின் எண்களுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியதும், திருமலைசாமிக்கு ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. மறுநாள் காலையில் கதவை மூடினார்கள். மூடுவதற்கு முன் தோற்றவர்களின் டாக்டரம்மா ஒருவர், வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, இரண்டு மருந்துப் பெட்டிகளோடு உள்ளே போனார். அங்கயற்கண்ணி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு காவலர் போட்டிருந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில், வெள்ளை உடுப்பில் குயிலி நின்றாள். சத்தம் கேட்காத தூரம். கைபேசியில் பேசினார்கள்.

“சாப்பிட்டியாட்டி?”

“சாப்பிட்டேன். யம்மா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது. நான் மூடுன்னுதான் குத்தினேன்.”

டீச்சர் குழந்தையை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

“பெட்டில கைய வச்சப்போ பயத்துல செத்தேம்மா. வெளிய வந்துரணும், புள்ளயத் தூக்கணும், அது மட்டுந்தான் இருந்துச்சு. அதுக்கு அந்தப் பெட்டி மூடுன்னு எழுதியிருக்கு. பொறவு தாள் கைக்கு வந்துச்சு. உக்காந்து யோசிச்சேன். இங்க படுத்திருக்கவங்களப் பாத்தேன். நம்ம வீட்டுல இவன் இருக்கான்னு நெனச்சேன். நானாத்தாம்மா குத்தினேன்.”

“பாவி மகளே, நான் திறன்னு குத்தினேன்டி. ஒன் ஓட்டும் என் ஓட்டும் கழிஞ்சு போச்சேட்டி.”

“அடுத்த வாரமும் நான் இதத்தான் குத்துவேன்.”

“குத்து, நல்லாக் குத்து. நான் வீடு வீடாப் போயி ஒன்னயத் தோக்கடிக்கேனா இல்லையான்னு பாரு.”

குயிலி சிரித்தாள். சிரித்தபோது தலையைச் சாய்க்கப் போனவள் பாதியில் நிறுத்தி, ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அங்கயற்கண்ணி அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏட்டி, கழுத்து வலிக்கா?”

இரும்புக் கதவு மெதுவாக நகரத் தொடங்கியது.

“எப்போருந்து வலிக்கி? குயிலி, சொல்லுட்டி!”

“டாக்டர் வந்துட்டாவல்லாம்மா. பாத்துக்கிடுவாவ.” மகள் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். “அவனக் கொஞ்சம் உசத்திப் பிடிம்மா. இங்கேருந்து சரியாத் தெரியல.”

அங்கயற்கண்ணி கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். கை வலித்தது. கதவு முழுக்க மூடும் வரை அவனை இறக்கவில்லை.